உள்புறம் வெளியே திரும்பினால்

அத்தியாயம் 6

"செத்தது இருபது கோடிப் பேர். ஆயுதம் ஒரு பாட்டில் ஸ்பிரிட். பாஸ், நாம எடுத்த கேஸ்லயே பெருசு இதுதான்" என்றான் உதவியாளன் சோம்போர்.

துப்பறியும் கிங்கா சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் அவள் சிரித்து அவன் பார்த்ததில்லை. வேலை இல்லாத நேரத்தில் அவளை அவன் பார்த்ததே இல்லை. மேஜைமேல் கிடந்த பிளாஸ்டிக் பையைக் கையுறை போட்ட விரலால் அவள் ஒரு புரட்டுப் புரட்டினாள். உள்ளே கலங்கிய திரவம். ஸ்பிரிட் நெடி குப்பென்று அடித்தது.

செகெட் நகரில் டிசா நதியைப் பார்த்தபடி நிற்கும் அந்தச் சின்ன செல் மருத்துவக் கூடத்தில் அன்று மதியம் நடந்த அக்கிரமம் அது. நான்காம் மாடி வார்டில் பிரோஷ்கா என்ற டிராம் ஓட்டுநர் ரத்தப் புற்றுநோயோடு படுத்திருக்கிறாள். அவள் உடம்பிலிருந்து எடுத்த காவல் செல்களை இங்கே வளர்த்துப் பெருக்கி, அவளுக்கே திரும்ப ஏற்றப்போகிறார்கள். புதியவற்றுக்கு இடம் பண்ணுவதற்காக, உள்ளே மிச்சமிருந்த காவல் செல்களை மருந்து கொடுத்து அழித்தும் ஆகிவிட்டது. வாசல் காவலே இல்லாத வீடு மாதிரி இருக்கிறாள். இன்று பொழுது சாய்வதற்குள் பை ஏறாவிட்டால் அவள் பிழைப்பது கஷ்டம்.

தயாராக இருந்தவை இரண்டு பைகள். முதல் பை ஒன்று, ஏதாவது ஆனால் உதவட்டும் என்று வளர்த்த மாற்றுப் பை ஒன்று. முதல் பையிலிருந்த இருபது கோடி செல்களைத்தான் யாரோ ஸ்பிரிட் ஊற்றிக் கொன்றிருக்கிறார்கள்.

"யாரோ என்ன யாரோ! டோர்காதான்" என்றார் பேராசிரியர் அம்புருஷ். கூடத்தின் தலைவர். நெற்றியை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தார். "மதியம் கெர்கெய்க்குப் பெயர்நாள் விருந்து, காலண்டர்ல அவர் பேர் போட்டிருக்கிற நாள். எல்லாரும் காபி அறையில கேக் சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். நடுவுல எழுந்து போனது இவ ஒருத்திதான். ஸ்பிரிட் பாட்டில் இவ மேஜைப் பாட்டில். எங்கே போனேன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறா."

டோர்கா ஜன்னலோரம் நின்றிருந்தாள். இருபத்தேழு வயது ஆராய்ச்சியாளர். அழுது முடித்து முகம் வீங்கியிருந்தது.

"எங்கே போனீங்க?" கிங்கா கேட்டாள்.

"சொல்ல முடியாது."

"மாலையில போலீஸ் வந்துடும். அப்புறம் எந்த லேப் வாசலையும் நீங்க மிதிக்க முடியாது. தெரியும்ல?"

"தெரியும்."

"ஊத்தினது நீங்களா?"

"இல்லை."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை கறக்க முடியவில்லை. போலீஸ் வருவதற்குள் கிங்காவுக்கு அம்புருஷ் கொடுத்திருந்த வேலை ஒன்றே ஒன்று. மாற்றுப் பையிலும் இந்தப் பெண் கை வைத்திருக்கிறாளா? அதை பிரோஷ்காவுக்கு ஏற்றலாமா, கூடாதா?

சுவரில் தொலைபேசி அலறியது. மேல் வார்டு நர்ஸ். அம்புருஷ் எடுத்து, "இன்னும் கொஞ்ச நேரம்" என்று மென்று முழுங்கிவிட்டு வைத்தார்.

"ஏத்திடலாம் சார்" என்றார் பக்கத்தில் நின்ற கெர்கெய். அம்புருஷுக்கு அடுத்த நிலையில் இருப்பவர். ஐம்பதைத் தாண்டியவர், குண்டுக் கன்னம், எப்போதும் உதவத் தயாரான முகம். "மாற்றுப் பையோட சாட்சிக் குழாய்ல நீலச் சாயம் போட்டு நானே பார்த்தேன். அத்தனையும் உயிரோட இருக்கு. இதுல துப்பறிய என்ன இருக்கு? பாவம், அந்தம்மா காத்துக்கிட்டு இருக்காங்க."

"சாட்சிக் குழாயா?" கிங்கா சட்டென்று நிமிர்ந்தாள்.

"தினமும் காலையில ஒவ்வொரு பையிலேர்ந்தும் துளி எடுத்து, தனிக் குழாய்ல ஃபிரிட்ஜ்ல வைப்போம். பின்னாடி ஏதாவது சந்தேகம் வந்தா பார்க்க."

"முதல் பைக்கும் இருக்கா? ஸ்பிரிட் ஊத்தறதுக்கு முன்னாடி எடுத்தது?"

கெர்கெய் ஒரு கணம் தயங்கினார். சோம்போர் அதைப் பார்த்தான். கேக்கில் தலைமுடி கண்டவன் அதை வெளியே சொல்லலாமா என்று யோசிப்பதுபோன்ற தயக்கம்.

"இருக்கு. ஆனா அதையும் காலையில பார்த்தாச்சு. அதுவும் நீலம் ஏறலை. உயிரோட இருந்தது."

கிங்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அம்புருஷ் எதிரில் உட்கார்ந்தாள்.

"நீலம் ஏறலைன்னா என்ன அர்த்தம்?"

"செல்லோட தோல் கிழியலைன்னு அர்த்தம். சவ்வுன்னு சொல்வோம். சவ்வு முழுசா இருந்தா சாயத்தை உள்ளே விடாது. செத்துக் கிழிஞ்சிருந்தா உள்ளே புகுந்து நீலமாக்கிடும்."

"சரி. தோல் கிழியலைன்னா உயிரோட இருக்குன்னு அர்த்தமா?"

அம்புருஷ் நெற்றியைத் தேய்ப்பதை நிறுத்தினார்.

"அப்படிச் சொல்லிட முடியாது" என்றார் மெதுவாக. "செல் சாகறதுல ரெண்டு விதம் உண்டு. ஸ்பிரிட்டை ஊத்தினா, கொதிக்க வெச்சா, அது கொலை. சவ்வு கிழிஞ்சு குடல் வெளியே வந்துடும். இன்னொண்ணு, செல் தானே முடிவு பண்ணிச் சாகறது. அது ரொம்ப ஒழுங்கா நடக்கும். சவ்வு கடைசிவரைக்கும் கிழியாது. குமிழ் குமிழா பொங்கும், சின்னச் சின்ன பொட்டலமா பிரியும், ஒரு சொட்டு வெளியே சிந்தாது."

"அது சாகப்போகுதுன்னு வெளியே எப்படித் தெரியும்?"

"அங்கேதான் அழகு. சவ்வு ரெண்டு அடுக்குக் கொழுப்பு. அதுல ஒரு வகைக் கொழுப்பை உயிருள்ள செல் எப்பவும் உள் அடுக்குலதான் வெச்சிருக்கும். நழுவி வெளியே வந்தா இழுத்து உள்ளே போடறதுக்குன்னே ஆள் வெச்சிருக்கும். சாக முடிவு பண்ணிட்டா அந்த ஆளை நிறுத்திட்டு, அந்தக் கொழுப்பை வெளி அடுக்குக்குத் தள்ளிடும். துப்புரவு பண்ற செல்கள் அதைப் பார்த்ததும் வந்து முழுங்கிடும். 'என்னைத் தின்னுடு'ன்னு அது காட்டற கொடி."

"சட்டையைத் திருப்பிப் போட்டு, உள்புறம் வெளியே தெரியற மாதிரி" என்றான் சோம்போர். "நான் இன்னிக்குக் காலையில அவசரத்துல அப்படித்தான் போட்டுட்டு வந்தேன். டிராம்ல யாரும் என்னைத் தின்ன வரலை."

"பார்த்தாலே ஜீரணமாகாதுன்னு தெரிஞ்சிருக்கும்" என்றாள் கிங்கா, அவன் பக்கம் திரும்பாமலே. "அந்தத் திரும்பின கொழுப்பைக் கண்டுபிடிக்க வழி இருக்கா?"

"இருக்கு. பச்சைச் சாயம். அந்தக் கொழுப்பு வெளியே வந்திருந்தா போய் ஒட்டிக்கும். நீல வெளிச்சத்துல செல்லைச் சுத்திப் பச்சை வளையம் மின்னும். நோயாளிக்கு ஏத்தறதுக்கு முன்னாடி வழக்கமா அதையும் பார்ப்போம். இன்னிக்கு இந்தக் கலவரத்துல..."

"முதல் பையோட சாட்சிக் குழாய்ல அதைப் போடுங்க."

"செத்துப்போன பைக்கு எதுக்கு?" அம்புருஷ் விழித்தார்.

"கொலைக் கேஸ்ல நான் முதல்ல கேக்கற கேள்வி ஒண்ணுதான். கத்தி இறங்கறப்போ ஆள் உயிரோட இருந்தானா?"

முதலில் அசைந்தவர் கெர்கெய்தான்.

"நானே போட்டுத் தர்றேன். அஞ்சு நிமிஷ வேலை" என்று ஃபிரிட்ஜைத் திறந்தார்.

அவர் வேலை செய்வதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. குண்டு விரல்கள், ஆனால் பூ தொடுப்பதுபோல் நிதானம். குழாயிலிருந்து துளி, அதில் கழுவும் திரவம், பச்சைச் சாயம், கண்ணாடித் தகடு. அம்புருஷ் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். கிங்கா பார்த்தாள். கடைசியில் சோம்போரும் எட்டிப் பார்த்தான். இருட்டு. கரிய பின்னணியில் மங்கலாகச் சில உருண்டைகள். பச்சை என்ற பேச்சே இல்லை.

"பார்த்தீங்களா?" கெர்கெய் பெருமூச்சு விட்டார். "ஆரோக்கியமா இருந்த செல்களைத்தான் இந்தப் பொண்ணு கொன்னிருக்கு. என்ன மனசோ!"

டோர்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் கண்கள் அந்தத் தகட்டில் இல்லை. அதன் பக்கத்தில் இருந்த திரவ பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தன.

தொலைபேசி மறுபடி அலறியது. இந்தமுறை அம்புருஷ் எடுக்கவே இல்லை.

"சரி, முடிஞ்சுது" என்று எழுந்தார். "மாற்றுப் பையை மேலே அனுப்பிடலாம்."

"ஒரு நிமிஷம்" என்றாள் கிங்கா. "இந்தச் சாயம் மின்னி நான் பார்த்ததே இல்லை. மின்னவே தெரியாத சாயம் மின்னலைன்னு சொல்றதுல என்ன பெருமை? கண்டிப்பா மின்னியே ஆகணும்னு ஏதாவது இருந்தா காட்டுங்க."

அம்புருஷுக்கு எரிச்சல்தான். ஆனாலும் பேராசிரியர் புத்தி விடவில்லை. "மாணவர்களுக்குக் காட்டறதுக்காக ஒரு தட்டு செல்லுக்குக் காலையிலயே மருந்து கொடுத்து வெச்சிருக்கேன். எல்லாம் தானா செத்துக்கிட்டு இருக்கிறது. அது மின்னியே ஆகணும்."

"அதே பாட்டில், அதே சாயம்."

இம்முறை அம்புருஷே செய்தார். குனிந்தவர் நிமிர வெகு நேரம் ஆயிற்று. நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"இதுவும் இருட்டு."

"அப்போ பொய் சொல்றது செல் இல்லை. பாட்டில்" என்றாள் கிங்கா.

அம்புருஷ் பாட்டிலைத் தூக்கி லேபிளைப் படித்தார். நெற்றியில் படீரென்று அடித்துக்கொண்டார். "இது தட்டுல ஒட்டின செல்லைப் பிரிச்செடுக்கற திரவம்! இதுல கால்சியத்தையே இழுத்துப் பிடிச்சு வெச்சுக்கற மருந்து இருக்கு. பச்சைச் சாயம் அந்தக் கொழுப்பைப் பிடிக்கணும்னா நடுவுல கால்சியம் வேணும். தரகர் மாதிரி. தரகர் இல்லைன்னா சம்பந்தம் நடக்காது!"

"ரெண்டு பாட்டிலும் ஒரே மாதிரி இருக்கும் சார். கை தவறிடுச்சு" என்றார் கெர்கெய். நெற்றியில் வியர்வை.

"தவறும்" என்றாள் கிங்கா தன்மையாக. "கால்சியம் உள்ளதைப் போட்டு மறுபடி பாருங்க பேராசிரியர். முதல்ல உங்க தட்டு. அப்புறம் சாட்சிக் குழாய்."

அடுத்து வந்த கால்மணி நேரத்தில் சோம்போர் தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. அவனை மைக்ராஸ்கோப்புக்கு அழைத்தபோது, கண்ணை வைத்தவன் ஆடிப்போய்விட்டான். மாணவர் தட்டு பச்சை வளையங்களாய் ஜொலித்தது. அடுத்த தகட்டில், முதல் பையின் சாட்சித் துளியும் அதேபோல் ஜொலித்தது. முழு முழு வளையங்கள். கிழிசலே இல்லை. சில உருண்டைகளின் ஓரத்தில் குமிழ்கள் கிளம்ப ஆரம்பித்திருந்தன.

"காலையிலயே இதெல்லாம் சாக முடிவு பண்ணிடுச்சு" என்றார் அம்புருஷ். "நீலச் சாயத்துக்கு உயிரோட இருக்கிற மாதிரிதான் தெரிஞ்சிருக்கும். ஆனா கொடியை ஏத்தியாச்சு. இதை உடம்புல ஏத்தியிருந்தா துப்புரவு செல்கள் வந்து வாரி முழுங்கிட்டுப் போயிருக்கும்."

"ஸ்பிரிட் ஊத்தினவன் பிணத்தைத்தான் கொன்னிருக்கான். எதுக்கு? ஏற்கெனவே செத்துக்கிட்டு இருந்ததை யாரும் பார்த்துடக் கூடாதுன்னு. இந்த செல்லெல்லாம் சாதாரணமா எதுக்குச் சாக முடிவு பண்ணும்?" என்று கேட்டாள் கிங்கா.

பதில் சொன்னது டோர்கா. ஜன்னலோரத்திலிருந்து, தரையைப் பார்த்தபடி சொன்னாள். "வளர்ச்சி மருந்து ஊட்டலைன்னா. வாழுன்னு சொல்ல யாரும் இல்லைன்னு ஆனா, அதுங்களே முடிச்சுக்கும்."

"வார இறுதியில ஊட்டற முறை யாரோடது?"

யாரும் கெர்கெய்யின் பக்கம் திரும்ப வேண்டியிருக்கவில்லை. அவரே பேசினார்.

"என்னோடது. ஊட்டினேன். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் இங்கேதான் இருந்தேன். என் குப்பி ஏதாவது கெட்டுப்போயிருக்கும்."

"சோம்போர், காபி அறையில மிச்சம் இருக்கிற ஜாடியைக் கொண்டு வா."

அவன் கொண்டுவந்தான். விருந்தில் பரிமாறிய திராட்சைச் சாறு, கலங்கலாய்ச் சிவந்து, பாதி ஜாடி. கிங்கா ஒரு வாய் குடித்துவிட்டு அவனிடம் நீட்டினாள்.

"என்ன சொல்றே?"

"தித்திப்பா இருக்கு பாஸ். நாக்குல சுறுசுறுன்னு கூட இல்லை." குடித்துக்கொண்டே வந்தவன் அப்படியே நின்றான். "அட! பொங்க ஆரம்பிக்கவே இல்லை. இந்த வெயில்ல பிழிஞ்சு ரெண்டு நாள் ஆயிருந்தா இந்நேரம் நுரைச்சுக்கிட்டு இருக்கணுமே. இது நேத்து பிழிஞ்சது!"

"எந்தக் கடையில வாங்கினீங்க கெர்கெய்?"

கடையில் அது கிடைக்காது என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அறுவடை நாளில் தோட்டத்தில் பிழிந்து அங்கேயே குடிக்கிற சாறு அது. தொலைவில் வில்லான்யி மலைச்சரிவில் கெர்கெய்யின் அப்பா விட்டுப்போன திராட்சைத் தோட்டத்தைப் பற்றி அவர் அளக்காத நாளும் இல்லை.

"மச்சான் கொண்டு வந்து கொடுத்தான்" என்றார்.

"கொடுத்திருக்கலாம். அப்போ இதையும் சொல்லிடுங்க. கெர்கெய்ன்னு பேர் வெச்சவங்க மார்ச்லதானே பெயர்நாள் கொண்டாடுவாங்க? காபி அறைச் சுவர்ல நீங்க கேக் வெட்டற போட்டோ நாலு இருக்கு. நாலுலயும் ஜன்னலுக்கு வெளியே பனி. இன்னிக்கு செப்டம்பர் வெயில்."

அம்புருஷின் வாய் திறந்துகொண்டது. "ஆமா! மார்ச்லயும் நாங்க சாப்பிட்டோமே!"

"காலண்டர்ல இன்னிக்கும் அந்தப் பேர் இருக்கு. சின்ன எழுத்துல. யாரும் கண்டுக்காத இரண்டாவது நாள்" என்றாள் கிங்கா.

"கேக் கண்ணுல பட்டப்புறம் எவன் தேதி கேப்பான்?" என்றான் சோம்போர். "நானா இருந்தா மூணாவது தடவையும் வாழ்த்துப் பாடியிருப்பேன்."

"எல்லாரையும் ஒரே அறைக்குள்ள உட்கார வைக்க இந்த ஊர்ல அதைவிட நல்ல வழி கிடையாது. விருந்துக்குக் கடைசியா வந்தது யார் பேராசிரியர்?"

"இவர்தான். கத்தி எடுத்துட்டு வர்றேன்னு... கேக் வெட்டற கத்தி..." அம்புருஷால் முடிக்க முடியவில்லை.

கெர்கெய் ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தார். உதவத் தயாராக இருந்த அந்த முகம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"ஒரே ஒரு வார இறுதி" என்றார். "கூலி ஆள் வரலை. பழம் செடியிலயே வெடிச்சுக்கிட்டு இருந்தது. சனிக்கிழமை விட்டாலும் தாங்கும், ஞாயித்துக்கிழமை ராத்திரி வந்து ஊட்டிக்கலாம்னு நினைச்சேன். வர முடியலை. காலையில பச்சை போட்டுப் பார்த்தேன். முதல் பை முழுக்க மின்னிச்சு."

"மாற்றுப் பை?"

"பார்க்கலை. பார்க்க தைரியம் வரலை. ரெண்டும் ஒரே அலமாரி, ரெண்டுக்கும் ஊட்டாதது நான்தானே. அவசரத்துல நீலம் மட்டும் பார்த்து மாற்றுப் பையை ஏத்திடுவீங்க, பலிக்கலைன்னா வியாதி முத்திடுச்சுன்னு போயிடும்னு..."

"பிரோஷ்காவோட உயிர் போயிடும்னு சொல்லுங்க" என்றாள் கிங்கா. குரல் உயரவில்லை. சோம்போருக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நேரம் ஒரு சின்னப் பெண்ணைத் தூக்குமேடையில் நிறுத்திவிட்டு இந்த ஆள் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தானே!

அம்புருஷுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. "அப்போ மாற்றுப் பையும் போச்சு" என்றார். "நோயாளிக்குக் கொடுக்க ஒண்ணுமே இல்லை. நான் மேலே போய் என்னன்னு சொல்வேன்?"

"முதல்ல பாருங்க. சாட்சிக் குழாய் இருக்குல்ல?"

அம்புருஷ் குழாயை எடுத்தார். இரண்டு முறை துளியைச் சிந்தினார். கடைசியில் டோர்காவே வந்து குழாயை வாங்கி, அவர் எதிரிலேயே போட்டுக் கொடுத்தாள். அம்புருஷ் குனிந்தார். திருகைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"இருட்டு."

"இன்னொரு தரகர் ஓடிட்டாரா?" என்றான் சோம்போர் பதறிப்போய்.

"அதே பாட்டில்தான். கால்சியம் இருக்கு. மாணவர் தட்டை மறுபடி வெச்சுப் பார்க்கறேன்." பார்த்தார். "இது மின்னுது. அது மின்னலை. நீலமும் ஏறலை." எழுந்து நின்றார். "மாற்றுப் பை உயிரோட இருக்கு. உள்ளே இருக்கவேண்டியது உள்ளேயே இருக்கு!"

"முடியாது" என்றார் கெர்கெய். "நான் ஒரு சொட்டு ஊட்டலை. எப்படி முடியும்?"

"நீங்க ஊட்டலை" என்றாள் கிங்கா. அவள் இப்போது டோர்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டோர்கா தலையை மிக லேசாக ஆட்டினாள். வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். சோம்போருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. விருந்திலிருந்து எழுந்து எங்கே போனாய் என்று கேட்டால் இவள் ஏன் வாயைத் திறக்கவில்லை, கொலைப்பழி வந்தபோதும் ஏன் திறக்கவில்லை என்பதெல்லாம் ஒரே வீச்சில் புரிந்தது. ஊட்டும் முறை இல்லாதவர் நோயாளியின் பையைத் தனி ஆளாகத் திறக்கக்கூடாது என்பது அந்தக் கூடத்தின் முதல் சட்டம். வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். அப்படித் திறந்த பை, பை அல்ல. அதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

கிங்கா எதுவும் சொல்லவில்லை. துப்பைக் கண்டுபிடித்த பிறகு அவள் வாயை மூடிக்கொண்டதை சோம்போர் பார்த்தது அன்றைக்குத்தான்.

தொலைபேசி மூன்றாம் முறை அலறியது. நின்றது.

"பேராசிரியர்" என்றாள் டோர்கா. "நான்தான். ஞாயித்துக்கிழமை என் வேலைக்காக வந்தேன். திரவத்தோட நிறத்தைப் பார்த்தே ஊட்டலைன்னு தெரிஞ்சுது. இவருக்கு போன் பண்ணினேன், எடுக்கலை. மருந்து அலமாரிச் சாவி இவர்கிட்ட. நோயாளிக்குன்னு எடுத்து வெச்சதுல ஒரே ஒரு குப்பிதான் வெளி ஃபிரிட்ஜ்ல இருந்தது. பாதி பாதியா போட்டா ரெண்டும் பிழைக்காது. ஒரு பைக்கு முழுசா ஊட்டினேன். தனியா. மதியம் அது எப்படி இருக்குன்னு பார்க்கத்தான் எழுந்து போனேன். சொன்னா அதையும் தூக்கி எறிஞ்சிருப்பீங்க."

"எறிஞ்சிருப்பேன்" என்றார் அம்புருஷ்.

"இப்போ?" என்றாள் கிங்கா.

அவர் கைகள் நெற்றியைத் தேடிப் போகவில்லை. வயதானவராகத் தெரிந்தார். பிறகு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"பை யாருக்கோ அவங்ககிட்ட கேக்கணும். மறைக்காம கேக்கணும். நீயும் வா. கிங்கா, நீங்களும்."

கெர்கெய்யின் பக்கத்தில் வாசல் காவலாளியை நிறுத்திவிட்டு, மாற்றுப் பையோடு அவர்கள் படியேறினார்கள். லிப்டுக்குக் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை.

பிரோஷ்கா தலையில் முடியில்லாமல், முகமூடியோடு, படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் சுறுசுறுப்பு. அம்புருஷ் ஒன்றையும் விடாமல் சொன்னார். ஸ்பிரிட், திராட்சைத் தோட்டம், தனியாகத் திறந்த பை. "கிருமி புகுந்திருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. ஆனா இல்லவே இல்லைன்னு என்னால கையெழுத்துப் போட முடியாது. சட்டப்படி இது குப்பை."

"சட்டப்படி இல்லாம?"

"சட்டப்படி இல்லாம, நான் பார்த்ததுலயே நல்ல செல்கள் இவைதான்."

பிரோஷ்கா டோர்காவைப் பார்த்தாள். "ரெண்டு பை இருந்துச்சே பொண்ணு. எதுக்கு இதை எடுத்தே?"

"தேர்ந்தெடுக்கலை அக்கா. கதவைத் திறந்ததும் இதுதான் முன்னாடி இருந்தது." என்றாள் டோர்கா. "மத்ததுக்கு ஊட்டியிருந்தா இன்னிக்கு இத்தனை களேபரமே ஆகியிருக்காது. காலையில அவர் பார்த்திருப்பார், நல்லா இருந்திருக்கும், பேசாம உங்களுக்கு ஏத்தியிருப்பாங்க."

"போன வண்டியைப் பத்தி எதுக்குப் பேசறே? நின்ன வண்டியில ஏறிட்டுப் போறேன்" என்றாள் பிரோஷ்கா. போர்வையை விலக்கிக் கையை நீட்டினாள். "நீயே மாட்டு. வேற யாரும் தொட வேணாம்."

நர்ஸ் அம்புருஷைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். "தனியா திறந்ததுக்கு நாளைக்குக் காலையில உன்னை இடைநீக்கம் பண்ணியே ஆகணும் டோர்கா" என்றார் தாழ்ந்த குரலில். "வேற வழி இல்லை எனக்கு."

"தெரியும் சார்."

பை கம்பியில் ஏறியது. நர்ஸ் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். சோம்போர் கைவசம் ஒரு ஜோக் வைத்திருந்தான். அதைச் சொல்ல வாய் வரவில்லை. கிங்கா கண்ணாடிக்கு வெளியே நதியைப் பார்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

டோர்காவின் விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. பிரோஷ்கா அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இப்படி நடுங்கினா எங்க டிராம் டிப்போ வாசல்லயே உன்னை நிறுத்திடுவாங்க."

"நாளையிலேர்ந்து இங்கேயும் நிறுத்திடுவாங்க" என்ற டோர்கா, குழாயின் அடைப்பைத் திறந்துவிட்டாள்.